உன் வேலை நம் மாடிக்கு வந்துவிட்டது

கணபதி அஞ்சல்,
கோயமுத்தூர்,
3ஆம் தேதி.

ஆண்டவரின் காவலில் சிகாகோவில் இருக்கும் அன்பு மகன் ஜெஃபினுக்கு, அப்பா அமிர்தநாதன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் எங்கள் ரத்த அழுத்த மாத்திரைகளும் நலம். நீயும் ரூத்தும் அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறோம். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்குப்பா" என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

உன் வேலை போகப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். நீ தினமும் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிரீத்திகா உட்கார்ந்திருப்பது நம் மாடியில். கோபிசெட்டிபாளையத்துப் பெண், ஆறு மாதமாகக் குடியிருக்கிறாள். போன மாதம் அவள் உன் அம்மாவிடம் வந்து, "ஆன்ட்டி, புதுசா ஒரு பொறுப்புக் குடுத்திருக்காங்க. கத்துக்கிட்டா வேலை நிரந்தரமுங்க. எனக்காக வேண்டிக்குங்க" என்றாள். உன் அம்மா வேண்டுதலோடு நிற்கவில்லை, கோயிலில் பூசையே வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிராங்க் மைக்கில் "பிரீத்திகாவுக்குப் புது வேலை நிலைக்க" என்று பூசையின் வேண்டுதல் கருத்தை வாசித்தபோது நானும் முழு மனதோடு ஆமென் சொன்னேன்.

அதற்கு நாலாம் நாள் மாலை, மோட்டார் போடலாமா என்று கேட்க மேலே போனேன். ஹெட்செட் பழுதாம், கம்ப்யூட்டர் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது. ஆங்கிலம்தான். நடுவில் ஒரு செருமல். அந்தச் செருமலுக்கு உன் பத்து வயதுவரை ஆடாதொடைக் கஷாயம் கொடுத்தவன் நான். "யாரும்மா பேசறது?" என்றேன். அவள் தன் மைக்கை அணைத்துவிட்டு, "ஜெஃப் சாருங்க அங்கிள். அவரு வேலையத்தானுங்க எனக்குக் கத்துக்குடுக்கறாரு. முடிஞ்சதும் அவர அனுப்பிருவாங்க. பாவமுங்க" என்றாள். அது என் மகன் என்றேன். அழுதுவிட்டாள். நான்தான் தேற்றினேன், முறைப்படி அது மறுபக்கமிருந்து நடந்திருக்க வேண்டும்.

அம்மா அன்றைக்கே ஃபாதரிடம் ஓடினாள். "அந்தப் பூசையத் திருப்பி எடுத்துக்குங்க ஃபாதர்."

"வெச்ச பூசைய எப்படிங்கம்மா திருப்பறது? வேணும்னா தம்பிக்கும் ஒண்ணு வெச்சுப்போடுங்க."

"அப்ப எது செல்லுமுங்க? மொத வெச்சதா, பொறகு வெச்சதா?"

ஃபாதர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வேறொரு கம்பெனி உன் விசாவை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நீ கிளம்ப வேண்டும் என்று பிரீத்திகா விளக்கினாள். பிரசவத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் இருக்கிறது. எது முந்தும் என்று அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ஊருக்கு வந்தால் விசாவில் மறுபடி முத்திரை குத்துவார்களோ மாட்டார்களோ என்று ஆறு வருடமாக நீ வரவில்லை. இப்போது தினமும் மாலை ஆறரை முதல் ஒன்பது மணிவரை நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து உன்னைக் கேட்கிறோம். ஹெட்செட் சரியாகிவிட்டது, "காது வலிக்குதுங்க அங்கிள்" என்று அவள் மாட்டுவதில்லை. கதவையும் சாத்துவதில்லை. சம்பளப் பட்டியல் நின்றுபோனால் எந்த சர்வரை எழுப்ப வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. உன் கம்பெனி என்னைக் கேட்டிருந்தால் இன்னும் மலிவாக முடித்திருக்கும். நேற்று நீ பேச்சை நிறுத்தி ஒரு நிமிடம் சும்மா இருந்தாய். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள். அம்மா படியிலிருந்தே, "இருக்கான் கண்ணு, இருக்கான்" என்றாள்.

ஆகவே என் புத்திமதி: எதையும் ஒளிக்காமல், முழுமையாகவும் சீக்கிரமாகவும் கற்றுக்கொடு. அந்தப் பெண்மேல் கோபம் வேண்டாம். பாடம் முடிந்த கையோடு வேறு வேலை தேடு. எங்களை நினைத்துக் கலங்காதே. நாங்கள் திடமாக இருக்கிறோம்.

தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா,
அமிர்தநாதன்

பின்குறிப்பு: இருபதாம் தேதியோடு பாடம் முடிகிறது என்று பிரீத்திகா இப்போதுதான் சொன்னாள். கெட்டிக்காரி, எல்லாம் பிடிபட்டுவிட்டதாம். அவளிடம் பேசிவிட்டேன். "மறந்துபோச்சுன்னு சொல்லிப்போடறேனுங்க அங்கிள். மந்தம்னு ரெண்டு பேச்சு வாங்கிக்கறேன், என்ன இப்ப?" என்றாள். ஆகையால் அவள் திடீரென்று முதல் பாடத்தையே மறுபடி கேட்டால் திட்டாதே. ஆரம்பத்திலிருந்து சொல்லு. மெதுவாகச் சொல்லு. கொஞ்சம் சத்தமாகவும் சொல்லு.