நாற்காலிக்கு ஒரு மழை ஜாக்கெட்

கோடை வந்துவிட்டால் எங்கள் ஊர் மக்கள் மலையில் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். மக்கள் நடக்க வேண்டுமானால் பாதை வேண்டும். பாதை இருந்தால் அதைப் பராமரிக்க ஒரு துறை வேண்டும். மலைநடைப் பாதைப் பராமரிப்புத் துறை இவ்வாறாகத்தான் உருவானது. துறையில் நாங்கள் முப்பது பேர் இருக்கிறோம். அதில் மலைக்குப் போகிறவர் ஒருவர்.

அவரைப் பாதைக்கார அக்கா என்று கூப்பிடுவோம். கைப்பிடிக் கயிறு தளர்ந்திருக்கிறதா, மரப்பாலத்தில் பலகை உளுத்திருக்கிறதா, அம்புக்குறி அழிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு இறங்குவது அவர் வேலை. மற்ற இருபத்தொன்பது பேரும் அவர் பார்த்ததைப் பரிசீலிப்போம்.

எங்கள் மலையின் கோடை ஒரு மாதிரியானது. காலையில் மண்டை பிளக்கும் வெயில். மதியத்துக்கு மேல் எங்கிருந்தோ மேகம் வந்து கொட்டித் தீர்த்துவிடும். அக்காவுக்குத் துறை கொடுத்திருந்தது ஒரு ரப்பர் கோட்டு. அதற்குள் மழை போகாது. அதிலிருந்து வியர்வை வெளியே வராது. "குக்கருக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்பார் அக்கா. போன வருஷம் உள்ளே வியர்வையில் தொப்பலாகி, உச்சியில் குளிர்காற்று அடித்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் இந்தக் கோடை தொடங்கும்போதே அக்கா இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், இலேசா, காத்தோட்டமா, தண்ணி உள்ள வராத மாதிரி ஒரே ஒரு ஜாக்கெட் வாங்கிக் குடுத்தா போதும் சார். கீழ கடையிலயே தொங்குது."

"கடையில தொங்குதுன்னு வாங்கிட முடியுமாம்மா? அது தனி மனுஷங்க செய்யற வேலை. நாம துறை."

அன்று மாலையே இலகுரகக் காற்றோட்ட நீர்புகா மேலங்கித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். துணை இயக்குநரும் கொள்முதல் அதிகாரியும் உறுப்பினர்கள். கணக்கு அதிகாரி ஒருமுறை ரயிலிலிருந்து மலையைப் பார்த்திருந்ததால் அவர் நிபுணர். குறிப்பெடுக்க நான். அக்காவைச் சேர்க்கவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளப் போகிறவரே தேர்ந்தெடுத்தால் அது பாரபட்சம் ஆகிவிடும் அல்லவா?

நான்கு மாதிரிகள் வந்தன. அவற்றை மலையில் போட்டுப் பார்க்கலாம் என்று துணை இயக்குநர் எழுந்தே விட்டார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இனி அங்கீகரிக்கப்பட்ட ஜாக்கெட் இல்லாமல் எந்த அதிகாரியும் மலையேறக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். சோதிக்காத ஜாக்கெட்டை அங்கீகரிக்க முடியாது. அங்கீகரிக்காத ஜாக்கெட்டோடு சோதிக்கப் போக முடியாது. துணை இயக்குநர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

எனவே கூட்ட அறையிலேயே சோதனை நடந்தது. ஏ.சி. போட்டு, ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு, மதியம் முழுக்க வேறு விஷயங்களைப் பேசினார்கள். கடைசியில் இயக்குநர் கேட்டார்.

"யாருக்காவது பாரமா இருந்துச்சா?"

"போட்டிருக்கறதே மறந்துபோச்சு சார்" என்றார் துணை இயக்குநர்.

"வேர்த்துச்சா?"

"கொஞ்சம்கூட இல்ல சார்."

"தண்ணி உள்ள வந்துச்சா?"

கொள்முதல் அதிகாரி தன் கைகளைத் தடவிப் பார்த்தார். "சொட்டுகூட வரல சார்."

கணக்கு அதிகாரி மட்டும் தயங்கினார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "எனக்கு லேசா வந்துச்சு சார். தண்ணி குடிக்கறப்போ கழுத்து வழியா."

அவர் போட்டிருந்த மாதிரி அந்த இடத்திலேயே நிராகரிக்கப்பட்டது. 'நீர் புகுந்தது' என்று எழுதிக்கொண்டேன்.

மிச்சம் மூன்று. மூன்றுமே பச்சைதான், ஆனால் ஒன்றில் ஜிப் ஆரஞ்சு நிறம். எதை எடுப்பது என்று யோசித்தபடியே இயக்குநர் ஆரஞ்சு ஜிப் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

இங்கே எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே போகிறவர்கள் நாற்காலியில் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள். ஸ்வெட்டர், துண்டு, கைப்பை, எதுவும் இல்லாவிட்டால் மேஜைமேல் மூக்குக்கண்ணாடி. கடந்து போகிற மேலதிகாரி அதைப் பார்த்து, ஆள் இங்கேதான் எங்கோ இருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்வார், ஏனென்றால் அவருடைய நாற்காலியிலும் ஒரு கோட்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் கொளுத்துகிற கோடையில் இருபத்தொன்பது நாற்காலியில் ஸ்வெட்டர் தொங்கினால் பார்க்க நன்றாகவா இருக்கிறது?

"இத பாருங்கய்யா" என்றார் இயக்குநர். "இலேசா இருக்கு, நாற்காலி பின்னால சாயாது. காத்தோட்டமா இருக்கு, எத்தன நாள் தொங்கினாலும் வாடை வராது. யாராவது டீயக் கொட்டினாலும் உள்ள இறங்காது. இதவிட என்ன வேணும்?"

ஒரு நாற்காலிக்கு ஒரு ஜாக்கெட் என்று தீர்மானம் நிறைவேறியது. நாற்காலியில் ஜாக்கெட் இருந்தால் ஊழியர் பணியில் இருப்பதாகக் கருதப்படும் என்ற உத்தரவும் கூடவே வந்தது. இத்தனை காலம் வாய்வழியாக இருந்த நம்பிக்கைக்கு முதன்முறையாகக் கையெழுத்து கிடைத்தது.

ஜாக்கெட்டுகள் வந்திறங்கின. முதல் வாரம் யாரும் நாற்காலியில் தொங்கவிடவில்லை, உடம்பிலேயே போட்டுக்கொண்டு திரிந்தோம். ஊர் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் ஊரும் வாங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு ஜிப் தெரிந்தது. துணை இயக்குநர் இரண்டு மலையேற்றத் தடிகளும் வாங்கி, லிப்டிலிருந்து தன் அறைவரை ஊன்றிக்கொண்டு வந்தார். டைப்பிஸ்ட் மேடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சார், மலைக்குப் போகப் போறீங்களா?"

"அய்யோ, முட்டிவலி. இதோ பாருங்க, போய்ட்டு வந்த ஆள் மாதிரி இருக்கேன்ல?"

"இருக்கீங்க சார்."

"அப்புறம் எதுக்குப் போகணும்?"

இதற்கிடையே பாதைக்கார அக்கா கொள்முதல் அதிகாரியிடம் வந்து நின்றார்.

"சார், என் ஜாக்கெட்டு?"

"உங்க நாற்காலி எங்கம்மா?"

"எனக்கேது நாற்காலி? நான் மலையில இல்ல இருக்கேன்?"

"அதான் வரல. நாற்காலி இல்லாம ஜாக்கெட்ட எதுல தொங்கவிடுவீங்க?"

"உடம்புல போட்டுக்குவேன் சார்."

கொள்முதல் அதிகாரி அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "எல்லாரும் இப்படி உடம்புல போட்டுக்க ஆரம்பிச்சா அலுவலகம் என்னம்மா ஆகறது?"

அக்கா விடவில்லை. நாற்காலி கேட்டார். உட்காரவே நேரமில்லாதவருக்கு நாற்காலி எதற்கு என்று கேட்டதற்கு, ஜாக்கெட் வாங்க என்று உண்மையைச் சொன்னார். அப்படி ஓர் உண்மையை யாரும் எதிர்பார்க்காததால் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. அதன் பிறகு ஜாக்கெட்டும் கிடைத்தது.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு அக்கா மலையேறினார். மதியம் மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. சாயங்காலம் இறங்கி வந்தபோது அவருடைய தலைமுடி மட்டும்தான் ஈரம். என் கையைப் பிடித்து அவர் சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. "சின்னப் பொண்ணு மாதிரி ஏறிட்டேன்டீ" என்று சிரித்தார். இருமலே வரவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் இருமாமல் சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை துணை இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து ஏம்மா வேலைக்கு வரல?"

"வந்தேனே சார். மூணாவது பாலத்துல பலகை மாத்தினேன்."

"ஜாக்கெட் வரலியே."

"அது என் மேல இருந்துச்சு சார்."

"உங்க மேல இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? நாற்காலி காலியா இருந்துச்சு. இன்னும் ரெண்டு தடவ இப்படி ஆச்சுன்னா தானாவே வேலை போயிடும். நான் எதுவும் பண்ண முடியாது."

"சார், மழையில போட்டுக்கத்தானே இத வாங்கினோம்?"

"யார் இல்லன்னா? தாராளமாப் போட்டுக்குங்க. லீவு நாள்ல."

அக்கா ஜன்னலோரம் போய் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். தோள்பட்டை சுருங்காமல் நீவிவிட்டார். அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய ரப்பர் கோட்டை உருவிக்கொண்டு மலைக்குப் போனார். அன்று அவர் பணிக்கு வந்ததாகப் பதிவானது.

அடுத்த மாதம் எங்கள் துறை வரலாறு படைத்தது. முப்பது ஜாக்கெட்டுகளும் ஒருநாள்கூடத் தவறாமல் ஆஜர். ஒருநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த பெரியவர், அறையில் ஒரு ஆள்கூட இல்லாத நேரத்தில் உள்ளே நுழைந்து, வரிசை வரிசையாகப் பச்சையைப் பார்த்து, இவ்வளவு கட்டுப்பாடான ஊழியர்களைத் தான் கண்டதில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்போது நாங்கள் சினிமாவுக்குப் போயிருந்தோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் தொலைபேசி அடித்தது. கொள்முதல் அதிகாரி எடுத்தார். பாதைக்கார அக்காவின் கணவர் பேசினார், பஸ் ஓட்டுகிறவர், சத்தமாகப் பேசிப் பழகியவர். அறை முழுக்கக் கேட்டது.

"சார், அவளுக்கு மறுபடி நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. லீவு சொல்லணும்."

கொள்முதல் அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவங்க சீட்லதானே இருக்காங்க?"

"சார், நான் அவ கட்டில் பக்கத்துல நின்னு பேசறேன்."

"நான் அவங்க நாற்காலி பக்கத்துல நின்னு பேசறேன்."

பிறகு கொள்முதல் அதிகாரி இறங்கி வந்தார். அவரும் மனிதர்தானே. "ஒண்ணு பண்ணுங்க. வந்து ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இங்க அது இல்லன்னாத்தான் லீவு குடுக்க முடியும்."

கணவர் வந்தார். குடையில்லாமல் ஓடி வந்திருக்கிறார், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியது. நாற்காலியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தவர் அதை விரித்து ஒரு கையை நுழைக்கப் போனார்.

"அய்யய்யோ, வேணாம் வேணாம்!" நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். "நனைஞ்சிடும்!"

டைப்பிஸ்ட் மேடம் ஓடிப்போய் ஒரு பெரிய பாலிதீன் கவர் கொண்டுவந்தார். கணக்கு அதிகாரி ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தார். நான் கவரின் வாயை இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். கணவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

தெருமுனைவரை அவர் நனைந்துகொண்டே போவது ஜன்னலில் தெரிந்தது. கவருக்குள் தண்ணீர் இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அக்காவுக்கு அன்று முதல் லீவு கிடைத்தது. மறுநாள் காலை, காலியான அந்த நாற்காலியைக் கேட்டு ஏழு பேர் இயக்குநர் அறை வாசலில் நின்றிருந்தார்கள். நான் இரண்டாவதாக நின்றேன். மழையை வேடிக்கை பார்க்க எங்கள் அலுவலகத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.