தனியா என்றால் என்ன, மச்சான்?

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் மருமகள் சுகமா என்று கதவைத் தட்டிக் கேட்க எங்களுக்கு இப்போது அனுமதி இல்லாததால், அவளும் சுகம் என்றே வைத்துக்கொள்ளவும். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில், "மாப்பிள்ளை, என் சிநேகிதனோட டியூஷன் சென்டர்ல அவளுக்கு ஒரு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். சேக்கறீங்களா இல்லையா, ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றீர்கள். உடனே லைன் போய்விட்டதே, அது போகவில்லை, நான்தான் வைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் போன வருஷம் மயிரிழையில் கோட்டை விட்டாள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் வேறு படிப்புக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, எங்கிருந்து வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இப்படியிருக்க, ஒருநாள் கடையில் பல் டாக்டர் ஒருவருக்குப் பெயர்ப்பலகை மாட்டித் தர எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது போன் செய்து, "அப்பா, முடிவு பண்ணிட்டேன், நான் தனியாப் படிச்சுக்கறேன்" என்றாள். மச்சான், நான் இருபது வருஷமாகப் பலகை எழுதுகிறவன். 'தனிப்பயிற்சி' என்று எத்தனை பலகை எழுதியிருப்பேன்! அதற்கு என்ன அர்த்தம்? வீட்டுக்கு வாத்தியார் வருவார் என்று அர்த்தம். பெண் தனி வாத்தியார் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடி, கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்தே உங்கள் தங்கையிடம், "கேட்டியா, தனியாதானாம்!" என்றேன். "நேத்துதானே அரைக் கிலோ வாங்கினீங்க, அதுக்குள்ள எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. கொத்தமல்லி விதையைச் சொல்கிறாளாம்.

வாத்தியாரைப் பார்த்து உங்கள் மருமகள் திருதிருவென்று விழித்தாள். ஆனாலும் வந்தவரைப் போ என்று சொல்ல வாய் வருமா? உட்கார்ந்தாள். அவர் தன் மருமகன் செய்த அக்கிரமங்களை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, பாடத்துக்கு வந்ததும் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மனுஷன் எழுந்துவிடக் கூடாதே என்று அவள் சத்தம் வராமல் பக்கம் புரட்டிப் படித்தாள். விழித்ததும், "இன்னிக்கு நல்லா போச்சு" என்றார். அவள் அளவில் அது உண்மைதானாம்.

சரி, மச்சான் பேச்சைத் தட்டக் கூடாது என்று, அடுத்து உங்கள் சிநேகிதரின் சென்டருக்குச் சோதனை வகுப்புக்கு அழைத்துப் போனேன். பெற்றோரும் கூட உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். வாசலில் 'ஒவ்வொருவருக்கும் தனிக் கவனம்' என்று பலகை. எழுத்து நன்றாகவே இருந்தது, நான் எழுதியதில்லை என்றாலும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி ஹால், நூற்றைம்பது பிள்ளைகள், மைக். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தூணுக்குப் பின்னால். வாத்தியாரும் தெரியவில்லை, போர்டும் தெரியவில்லை. ஆபீஸில் இருந்த அம்மாளிடம், "தனிக் கவனம்னு போட்டிருக்கே, எங்கே?" என்று கேட்டேன். அந்தம்மா மேலே கையைக் காட்டி, "ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கேமரா வெச்சிருக்கோம் சார்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தால், மைக்கில் "தூணுக்குப் பின்னாடி கண்ணாடி போட்டவர் சொல்லுங்க, கணையம் எங்க இருக்கு?" என்று கேள்வி. நான் எழுந்து, "இங்கதான் சார் எங்கயாவது இருக்கும்" என்று என்னைத் தடவிப் பார்த்தேன். ஹாலே சிரித்தது. பெண் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, தனியாகப் படிப்பது என்றால் யாரும் சொல்லித்தராமல் தானே படிப்பது. அதையும் அரைகுறையாகச் செய்வானேன் என்று வீட்டில் சத்தத்துக்குத் தடை போட்டேன். வாசல் மணியைப் பிடுங்கினேன், குக்கர் கூடாது என்றேன், நானும் உங்கள் தங்கையும் ஜாடையில்தான் பேச்சு. அவளுக்கு ஜாடை சரியாக வரவில்லை மச்சான், உப்பு கேட்டால் விசிறி எடுத்துக்கொண்டு வருகிறாள். நாங்கள் கையைக் கையை ஆட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை என்று நினைத்து, சமாதானம் பண்ணக் குடும்பத்தோடு வந்துவிட்டார். "விட்டுக்கொடுத்துப் போகணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

உங்கள் மருமகளின் அறைக் கதவு திறந்தது. அவள் என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, கடை மேல்தட்டுல 'டாக்டர்'னு மட்டும் எழுத்து வெட்டி, பேருக்கு இடம் விட்டு ஒரு பலகை வெச்சிருக்கீங்களே, அதை நான் போன வருஷமே பார்த்துட்டேன். எனக்கு அது போதும். வாத்தியாரும் வேண்டாம், மௌன விரதமும் வேண்டாம். என்னைக் கொஞ்சம் தனியா விடுங்கப்பா."

மச்சான், போன வருஷம் முடிவு வந்த அன்று அவள் அழக்கூட இல்லை. கடைக்கு வந்து பலகைகளையெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. இத்தனை கூத்தும் அந்தப் பயத்தில் அடித்ததுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே, தீர யோசித்து எடுத்த முடிவு: டியூஷன் வேண்டாம். வீட்டிலேயே, தானாகவே படிக்கட்டும். பிடித்து வைத்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடும்படி சிநேகிதரிடம் சொல்லிவிடவும். இது முடிந்த முடிவு, யார் சொன்னாலும் மாறாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு மணி பிடுங்கப்பட்ட வாசலில் எப்போதும் வரவேற்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் மருமகள் இதை முழுக்கப் படித்துவிட்டாள். இடத்தை விட்டுவிட வேண்டாமாம், திங்கட்கிழமையே சேருகிறாளாம். "வாத்தியாருக்காக இல்லப்பா, அந்த நூத்தைம்பது பேருக்கு நடுவுலதான் நான் நிம்மதியா தனியாப் படிக்க முடியும்" என்கிறாள். அதே தூணுக்குப் பின்னால் இடம் வேண்டும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள். சோதனை வகுப்பு முடிந்த பிறகும் பெற்றோரை உள்ளே விடுவார்களா என்றும் கேட்கச் சொன்னாள். விடமாட்டார்கள் என்றால்தான் சேருவாளாம்.