மாடி அறையில் இரண்டு மூட்டை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி சொல்லிக்கொடுக்கிறவள் நான். இருபத்தாறு வருடமாக அதைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழிக்கிறேன். அதனால் எனக்குப் பணத்தைக் கையாளத் தெரியும் என்று ஊர் நம்பியது. என் வீட்டுக்காரர் நம்பினார். எல்லோரையும்விட அதிகமாக நானே நம்பித் தொலைத்தேன்.

வீட்டுக்காரர் சேவியருக்கு உத்தமபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. (தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை.) முப்பது வருடம் குனிந்தே உட்கார்ந்ததில் முதுகு போய்விட்டது. இன்னும் ஒரு வருடத்தில் கடையை மூடிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. எங்கள் இருவருக்குமே பென்ஷன் கிடையாது. என்னுடையது தனியார் பள்ளி. அதனால் பத்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். அந்த வைப்புத்தொகை முதிர்ந்து நான்கு லட்சமாகக் கைக்கு வந்தது.

"ஜெசி, இத அப்படியே போஸ்ட் ஆபீஸ்ல போட்டுரு. மாசா மாசம் வட்டி வரும். கரண்டு பில்லு, அரிசி, மாத்திரைன்னு ஓடிரும்" என்றார்.

"சரிங்க" என்றேன். (அந்தச் 'சரிங்க'வை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.)

எங்கள் பக்கத்து ஆட்களிடம் வங்கி வட்டி எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். போடிச் சந்தையில் இன்றைக்குக் காய் என்ன விலை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். இங்கே காய் என்றால் ஏலக்காய்தான், மற்றதற்கெல்லாம்தான் பெயர் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் விலை தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்துவதை விட்டுவிட்டு எல்லோரும் ஏல விலையைப் பேசினோம். தமிழ் டீச்சரின் கொழுந்தன் இரண்டு மூட்டையைப் பதுக்கி வைத்து விற்றே புது கார் வாங்கிவிட்டானாம். கேட்ட எனக்குக் கை அரித்தது.

தரகர் ராசு ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், எட்டு மில்லி காய், நல்ல பருமன். பச்சப் பசேல்னு கண்ணப் பறிக்குது. இன்னைக்குக் கிலோ நாலாயிரம். நாலு மாசம் வச்சிருந்தீகன்னா ஆறாயிரத்தத் தாண்டிரும்னு போடில பெரிய பெரிய ஆளுகளே சொல்றாக."

நூறு கிலோ. கிலோவுக்கு இரண்டாயிரம் லாபம். மனசுக்குள் பெருக்கினேன், விடை சரியாகத்தான் வந்தது. நான்கு மாதத்தில் நான்கை ஆறாக்கி, தபால் அலுவலகத்தில் போட்டுவிட்டு, "இந்தாங்க" என்று வீட்டுக்காரர் முன்னால் பாஸ்புக்கை வைக்கிற காட்சியை நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு மூட்டையும் மாடி அறைக்கு ஏறின. மேலே பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி மூடினேன். முதுகு வலியால் அவர் மாடிப்படி ஏறுவதில்லை. என் திட்டத்தில் ஓட்டையே இல்லை.

நூறு கிலோ ஏலக்காய்க்கு வாசம் உண்டு என்பது மட்டும்தான் என் கணக்கில் வரவில்லை.

இரண்டாம் நாளே அவர் படியடியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "என்னடி, வீடே கல்யாண வீடு மாதிரி மணக்குது?"

"பாயாசம் வைக்கிறேங்க" என்றேன். சொன்ன வாய்க்காக வைத்தேன். மறுநாளும் வாசம் வந்தது, மறுநாளும் பாயாசம். சேமியா, ஜவ்வரிசி, பாசிப்பருப்பு என்று ஐந்து வாரம் ஓட்டினேன். அவருக்குச் சட்டைப் பித்தான் பூட்டவில்லை.

அதற்குள் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது, இனிப்பு கிடையாது. பாயாசத்துக்கு இனி வழியில்லை. ஆனால் மாடியில் இருக்கிற காய்க்குத் தவக்காலம் தெரியுமா? அதுபாட்டுக்கு மணந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மளிகைக் கடையில் பீரோவுக்குள் போடுகிற பாச்சை உருண்டை இரண்டு கிலோ வாங்கிவந்து, கைப்பிடி கைப்பிடியாகத் துணியில் முடிந்து, மூட்டைகளுக்குள்ளேயே செருகினேன். ஏலக்காய் வாசம் அடங்கிவிட்டது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஜெசி, பாச்ச உருண்ட வாசம் அடிக்குதுல்ல?" என்றார் அன்று சாயங்காலம்.

"எனக்கு ஒரு வாசமும் வரலையே."

மறுநாள் காபியை முகர்ந்துவிட்டு, "காப்பிலயும் அடிக்குதே" என்றார்.

"உங்களுக்குத்தான் அப்படி இருக்கு. எனக்கு ஒண்ணும் வரலங்க."

வாரக்கணக்கில் இதே பேச்சு. பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அப்பாடா, பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காய் விலை இறங்க ஆரம்பித்திருந்தது. "சும்மா ஒரு இறக்கம் டீச்சர், ஏறிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்த ராசு, போனை எடுப்பதையும் நிறுத்தினார்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் வீட்டுக்காரர் ஒரு மாதிரி அமைதியாக வந்து உட்கார்ந்தார். "அந்த போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்க எடுத்து வையி. நாமினி பேரு சரியா இருக்கான்னு பாக்கணும். கடையவும் இந்த மாசத்தோட மூடிரலாம்னு இருக்கேன்."

அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கிடைத்த விலைக்கு விற்று, கிடைத்த பணத்தைப் போட்டு, பாஸ்புக்கை வாங்கிவிட வேண்டும். மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காசிம் பாயின் லோடு ஆட்டோவில் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போடிக்குப் போனேன்.

ஏலக்காய்க் கடையிலிருந்த பெரியவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். கசக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மூன்று தும்மல் போட்டார்.

"ஏத்தா, இத எங்கன வச்சிருந்த?"

"எங்க வீட்லதான்யா. மாடி ரூம்ல."

"ஏலே, இங்கன வாங்கடா. இத மோந்து பாருங்க."

எடை போடுகிறவர் வந்தார், சாக்குத் தைக்கிறவர் வந்தார், பக்கத்துக் கடைக்காரரும் வந்துவிட்டார். ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். "பட்டுச்சேல பீரோவத் திறந்த மாதிரி இருக்குங்கய்யா" என்றார் ஒருவர். "பூச்சி அண்டாது, அது ஒரு நல்லது" என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். நான் கணக்கு டீச்சர் என்பதை மட்டும் யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ("டீச்சர், நான் உங்கட்டதான் படிச்சேன்" என்றார் சாக்குத் தைக்கிறவர்.)

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏலக்கா பக்கத்துல இருக்க வாசத்தையெல்லாம் இழுத்துக்கிரும்மா. நாங்க இதுகிட்ட சோப்புக்கூட வைக்க மாட்டோம். இனி இது சாப்பாட்டுக்கு ஆகாது. நல்ல காயே இன்னைக்குப் பாதி விலைதான். இத சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்."

திரும்பும் வழியெல்லாம் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். நேராக வீட்டுக்கு விடச் சொல்லியிருந்தேன். காத்திருந்த நேரத்துக்கான காசு என்னிடம் குறைந்தது. காசிம் பாய் ரொம்பவும் உரிமையோடு வண்டியை என் வீட்டுக்காரர் கடை வாசலில் நிறுத்திவிட்டார்.

"சேவியர் அண்ணே, டீச்சரு சரக்கு திரும்பி வந்துருச்சு. வெயிட்டிங் காசு மட்டும் நீங்க குடுத்துருங்க."

அவர் வந்தார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டையின் வாயைப் பிரித்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். நான் நடுரோட்டில் நின்று, மூச்சுவிடாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிட்டேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப இந்த வாசம் நெசமாவே அடிக்குதா? உனக்கும் வருதா?" என்றார்.

"வருதுங்க."

"முதல்லருந்தே வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

பிரித்துப்போட்டிருந்த ஒரு மோட்டார் மேலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். நான்கு லட்சத்துக்காக அழுகிறார் என்று நானும் சேர்ந்து அழுதேன். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் சொன்னார்.

"பழனிசெட்டிபட்டில மூக்கு டாக்டரப் போய்ப் பாத்தேன்டி. யாருக்கும் வராத வாசம் உங்களுக்கு மட்டும் வருதுன்னா, தலைக்குள்ள ஏதும் இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும்னாக. பயந்துக்கிட்டு எடுக்கல. இன்னும் எத்தன நாளோ, உனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போவோம்னுதான் நாமினி பேரக் கேட்டேன்."

எத்தனையோ நாளாக இந்த மனிதர் சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காபி குடித்திருக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து, எனக்கு ஒரு வாசமும் வரவில்லை என்று சாதித்திருக்கிறேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தால், அழுகிற மனிதர் சிரிக்கிறார்! "எனக்கு ஒண்ணுமில்லடா காசிமு! எனக்கு ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினார். காத்திருந்த காசைக் கேட்டதற்கு மேலே ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். காசிம் பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீக்கிரமாக வண்டியை எடுத்தார்.

காயை மாடியில் நிழலில் பரப்பி மூன்று வாரம் ஆற வைத்தேன். வாசத்தோடு பச்சை நிறமும் பாதி போனது. கடைசியில் தேனியில் ஏலக்காய் மாலை கட்டுகிற ஒருவர், "கழுத்துல போடுறதுதான டீச்சர், யாரு திங்கப் போறா?" என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வருடம் மேடையில் மாலை வாங்கிய பெரிய மனிதர்களில் பலர் எங்கள் ஓய்வுக்காலத்தைத்தான் கழுத்தில் சுமந்தார்கள்.

மிஞ்சிய கொஞ்சத்தை அவரே போய்த் தபால் அலுவலகத்தில் போட்டார். இப்போதும் முதல் தேதியானால் என் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவர்தான் போகிறார். நான் வாசலில் நிற்கலாம், உள்ளே வரக்கூடாது. எங்கள் மகள் சென்னையிலிருந்து போன் செய்து எதிலாவது பணம் போடலாமா என்று கேட்டால், "முதல்ல உங்கம்மாட்டக் கேளு. அவ நல்லதுன்னு சொன்னா விட்டுரு" என்கிறார்.

கடையை இன்னும் மூடவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "என்னண்ணே, ரிட்டயர் ஆகப் போறேன்னு சொன்னீக?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

"ஆகியிருப்பேன்ப்பா" என்கிறார், கம்பியைச் சுற்றிக்கொண்டே. "எங்க வீட்டு டீச்சரு அத மாடில காயப் போட்டுட்டாக."