ஜெபத்தில் நான் கை தட்டிய காரணம்

மாடம்பாக்கம்,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சாலமோனுக்கு அத்தான் லாசரஸ் எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா ஞானஜோதியும், நீ ஊரப்பாக்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்த ஆறு பூந்தொட்டிகளும், அவற்றில் குடியிருக்கும் பொடி ஈக்களும் தேவகிருபையால் சுகம். ஈக்கள் கொஞ்சம் கூடுதலாகவே சுகம்.

போனில் சொல்லலாமே என்பாய். வாயைத் திறந்தால் ஈ உள்ளே போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். டம்ளரில் வினிகர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு விட்டு வைக்கச் சொன்னாள் பக்கத்து வீட்டு தீபா, வைத்தேன், பத்து விழுந்தது, நூறு வேடிக்கை பார்த்தது. கொசு பேட்டை வீசினேன், கம்பிக்கு நடுவே சாவகாசமாகப் போய் வந்தன. கடைசியில் இரண்டு கையாலும் பட்டென்று அடிப்பதுதான் பலன் தந்தது, அதுவே பழக்கமாகிவிட்டது, வினையும் அங்கேதான் வந்தது.

நேற்று வீட்டு ஜெபம் நம் வீட்டில். நான் பாட்டுக்குக்கூடக் கை தட்டாத ஆள், உனக்கே தெரியும். போதகர் கண்ணை மூடி ஜெபிக்கிறார், என் மூக்குக்கு முன்னால் ஒன்று சுற்றுகிறது, அடித்தேன், தப்பிவிட்டது, மறுபடி அடித்தேன். கண்ணை மூடியிருந்த இருபது பேரும் சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அதைத் துரத்திக்கொண்டு எழுந்தேன், நாற்காலிச் சத்தம் கேட்டு அவர்களும் எழுந்தார்கள். முடிந்ததும் போதகர் என் தோளைப் பிடித்து, "லாசரஸ் அண்ணே, இத்தனை வருஷம் இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றார், கண்ணில் தண்ணீர். உன் அக்கா கண்ணிலும்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை மச்சான். "நீங்க இப்படி மாறுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்று காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை அதிகமாகவே போட்டாள். கூச்சத்தோடு அதைக் குடித்து முடித்தேன். ஈ என்று சொல்லவும் வாய் வரவில்லை. வருகிற வெள்ளியும் ஜெபத்தை இங்கேயே வைத்துவிட்டார்கள், அதனால் நீ அதற்குள் வந்து தொட்டிகளை எடுத்துப் போய்விடு. எனக்கு ஈயும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

உனக்கும் அபிகாயிலுக்கும் பிள்ளைகளுக்கும் சமாதானம் பெருக ஜெபிக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
அத்தான் லாசரஸ்

பின்குறிப்பு: அடுத்த சனிக்கிழமை. கடிதம் தபாலில் சேராமல் பையிலேயே இருந்துவிட்டது. நானே மண்ணைக் காயவிட்டு, வேப்பம்புண்ணாக்கு தூவி, ஈயை ஒழித்துவிட்டேன். நேற்று ஜெபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என் கையையே எதிர்பார்த்திருந்துவிட்டு அமைதியாகக் கலைந்தார்கள். "ஏங்க, மனசுல ஏதாவது குறையா?" என்றாள் உன் அக்கா. காபியில் சர்க்கரை பழைய அளவு. மேலே எழுதியதை மறந்துவிடு. வருகிற வெள்ளியும் ஜெபம் இங்கேதான், உன் வீட்டில் ஈ நிறைய மொய்க்கும் தொட்டியாகப் பார்த்து இரண்டு, அதற்கு முன்னால் கொண்டு வா.