பழுக்காத அத்திக்காய் குறித்து வானிலை மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய்; அடுத்தவர் செடியைக் கெடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

உன் வானிலை அலுவலகம் "இந்தக் கோடை வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும்" என்று அறிவித்த அன்றே நீ என்னை அழைத்து, "அத்தான், மாடியில இருக்கிற அத்திச்செடி கருகிடப்போகுது, பார்த்துக்கோங்க" என்றாய். நாங்கள் வீடு மாறிய நாளில் வானம் தெளிவு என்று சொல்லி என் மெத்தையை நனைத்தவன் நீ. அதை மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. இருந்தும் நம்பினேன். வெயிலை மறைக்கும் பச்சை வலையை இரட்டையாக மடித்துக் கட்டினேன், செடித்தொட்டியைச் சாக்கால் போர்த்தினேன், அதைத் தண்ணீர் டேங்க் நிழலுக்கு இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, உன் அக்கா தைலம் தேய்த்துக்கொண்டே "வராத வெயிலுக்குப் பந்தல் போட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றாள், ஏனென்றால் அதற்குள் வானம் மூடிக்கொண்டு சூரியன் தலைமறைவாகிவிட்டது, நானோ நாளை வெயில் வந்தே தீரும் என்று உன்மேல் வைத்த நம்பிக்கையில் தண்ணீரை நிறுத்தவில்லை, அதோடு மழையும் சேர்ந்து காய்களெல்லாம் வெடித்து உதிர்ந்து, ஒன்றே ஒன்று கல்லுப்போலப் பச்சையாய் நிற்கிறது.

உன்னைக் கேட்டால், "அது சராசரி, அத்தான். உங்க மாடிக்குன்னு தனியா சொல்ல முடியுமா?" என்கிறாய். சராசரியா அத்தி வளர்க்கிறது? நான்தானே வளர்க்கிறேன்!

சண்டை போட்டுக்கொண்டு போன என் மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், ஒரே ஒரு நாளைக்கு. அத்திப்பழம் என்றால் அவளுக்கு உயிர். "வாம்மா" என்று சொல்ல வாய் வராதவன் ஒரு பழத்தையாவது நீட்டலாம் என்றிருந்தேன். இப்போது எதை நீட்டுவது, உன் அறிக்கையையா? இனி வானிலை பேசிக்கொண்டு என் வாசலை மிதிக்காதே.

வெயிலோ மழையோ, உன் பிள்ளைகள் குடையோடு நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காளின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஞாயிறும் வந்தது, அவளும் வந்தாள். நேராக மாடிக்குப் போய், வலையைப் பிரித்து, காயை அழுத்திப் பார்த்து, "இது பழுக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்ப்பா" என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. இந்த மேகமூட்டம் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்குமா என்று உடனே தெரிவி. அவள் கீழே இறங்கியதும் வலையை மறுபடி கட்டிவிட்டேன்.