உறையாத பால்

மாதம் ஒருமுறை மடிச்சாமி வருகிற நாளில் மைதானத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மாடுகள் சும்மா நின்றன; கூட வந்தவர்கள்தான் கத்தினார்கள். சாமி மடியைத் தடவுவார், கண்ணை மூடுவார், மஞ்சள் பொடியைப் பொட்டலமாகக் கொடுப்பார். தினம் ஒரு சிட்டிகை தீவனத்தில் கலந்தால் நோயே அண்டாதாம். சாட்சிக்கு மேசைமேல் ஒரு செம்புப் பால். இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை! கூட்டம் செம்பைக் கும்பிட்டது. கறந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் ஆளில்லை.

தயிர்க்காரிக்கு மட்டும் வயிறு எரிந்தது. நாத்தனார் பேச்சைக் கேட்டு ஆறு மாதமாகத் தன் செவலைப் பசுவுக்குப் பொடி போட்டாள். போட ஆரம்பித்த நாளிலிருந்து தயிர் உறையவில்லை.

"பரிசுத்தமான பால் அண்ணி, எப்படிப் புளிக்கும்?"

"பரிசுத்தத்தை வாங்க எவளும் சட்டி தூக்கிட்டு வரலையேடி!"

பிறகு செவலையின் மடி வீங்கிக் கல்லானது. மாட்டு டாக்டர் மூன்று நாள் ஊசி போட்டார். கேட்கவில்லை. பாலைச் சோதனைக்கு அனுப்பி, கிருமி வளர்த்த தட்டை வாங்கிவந்து காட்டினார். தட்டில் ஆறு மருந்துப் பொட்டுகள். ஒரே ஒரு பொட்டைச் சுற்றித்தான் கிருமி செத்து வெற்றிடம். மற்ற ஐந்தையும் கிருமி ஏறி மிதித்திருந்தது.

"இந்த ஒண்ணுக்குத்தான்மா அடங்குது. இதுவும் போனா மாடு போச்சு. தினம் கொஞ்சங்கொஞ்சமா மருந்து தின்னாத்தான் கிருமி இப்படிப் பழகிக்கும். மாத்திரை எத்தனை நாளா குடுக்கறீங்க?"

"மாத்திரையா? சாமி பொடிதான் சார்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் காலித் தயிர்ச்சட்டியைப் பார்த்தாள்.

"சார், மாத்திரை தின்ன மாட்டுப் பால் உறையுமா?"

"எப்படிம்மா உறையும்? பாலை உறைய வைக்கிறதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்தானே. மருந்து அதையும் கொன்னுடும்."

"அப்ப எனக்கு ஒரு மாத்திரை வேணும். மாட்டுக்கில்லை, சாமிக்கு."

அடுத்த முறை சாமி வந்தபோது மேசைமேல் மூன்று டம்ளர்களை வைத்தாள். பொடியே தின்னாத மாட்டின் பால். காய்ச்சி ஆற்றி, மூன்றிலும் ஒரே கரண்டி மோர்.

"நடு டம்ளர்ல உங்க கையாலேயே ஒரு சிட்டிகை போடுங்க சாமி."

சாமிக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு சிட்டிகையாகவே போட்டார். கடைசி டம்ளரில் அவள் எதையோ நுணுக்கிப் போட்டதை அவர் கவனிக்கவில்லை. சாயங்காலம்வரை ஒருவரும் நகரவில்லை. காத்துக்கிடப்பதில் இந்தக் கூட்டத்தை மிஞ்ச முடியுமா?

முதல் டம்ளரைக் கவிழ்த்தாள். கெட்டித் தயிர்; விழவில்லை. நடு டம்ளர் சளசளவென்று கொட்டியது.

"பார்த்தீங்களா அருளை!" சாமி கையைத் தூக்கினார். பாதிக் கூட்டம் மண்டியிட்டது.

மூன்றாவதைக் கவிழ்த்தாள். அதுவும் பாலாகவே கொட்டி, சாமியின் பாதத்தை நனைத்தது.

"இது டாக்டர் குடுத்த மாத்திரை. சாமி கை படவே இல்லை. இதுக்கு யாரு அருள் குடுத்தது?"

 வரிசையில் மாட்டோடு நின்ற மருந்துக்கடைக்காரர் அவள் கையிலிருந்த காலி மாத்திரை அட்டையை எட்டிப் பார்த்தார்.

"அட, இந்த மஞ்சள் மாத்திரையா? சாமியோட ஆள் வாராவாரம் பெட்டி பெட்டியா வாங்கறானே!"

"மாடில்லாத ஆளுக்கு எதுக்குய்யா மாட்டு மாத்திரை? கேட்டியா?"

"வாங்கறவங்களைக் கேள்வி கேட்டா கடை ஓடுமா அக்கா?"

நாத்தனார்தான் பாய்ந்தாள். சாமியின் பெட்டியைத் தலைகீழாக உதறினாள். ஒரு சின்ன இடிகல்லும், காலி மாத்திரை அட்டைகளும் சலசலவென்று விழுந்தன. சாமி ஓடிய வேகத்தைப் பார்த்து மாடுகளே மிரண்டன.

அடங்கிய அந்த ஒரே மருந்தில் செவலை பிழைத்தது. ஒரு காம்பு மட்டும் வற்றிவிட்டது. இப்போது கொட்டகை கொட்டகையாகப் பாலைச் சோதித்துவிட்டுத்தான் டாக்டர் ஊசியைத் தொடுகிறார்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒருவர் பச்சைப் பொடியோடு வந்திறங்கியிருக்கிறார். வரிசை தொடங்கிவிட்டது. தினம் ஒரு சிட்டிகையில் கண்ணுக்குத் தெரியாத கிருமி பாடம் படித்துத் தேறிவிட்டது. இவ்வளவு பெரிய தலையைச் சுமந்து நிற்கிற நாம் எப்போது படிக்கப்போகிறோம்?