ஆம்பூர்க் கையுறை

குழாயில் அமிலம் ஒரு துளி விட்டதும் பால் திரிந்த மாதிரி வெண்மை வரவேண்டும். வரவில்லை. உள்ளே இருந்த ஆர்.என்.ஏ. நொறுங்கிவிட்டது என்று பொருள். வேலூர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்த பரந்தாமன் இன்னொரு துளி விட்டுப் பார்த்தான்.

ஈரலில் ஒரு என்சைம் இருக்கிறது. அது ஆர்.என்.ஏ.யைத் தேடிப்போய், இடம் பார்த்து, பொடிக் குறி வைத்துவிட்டு வரும். நோய் கண்ட ஈரலில் அந்தக் குறிகள் கூடுகின்றனவா என்பதே டாக்டர் ஜெபராணியின் ஆராய்ச்சி. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு இத்தனை கைத்திறனா என்று பரந்தாமனுக்கு வியந்து மாளவில்லை.

"குறியெல்லாம் வெச்சாச்சு. சனிக்கிழமை எண்ண ஆரம்பிக்கணும், அதுவரைக்கும் உடையாம பாத்துக்கோ. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றிருந்தார் டாக்டர்.

பரந்தாமன் கண்ணாடிக் குழாய்களைக் கொதிக்க வைத்தான். தன் கையாலேயே துடைத்து, மிச்ச ஆர்.என்.ஏ.யில் கொஞ்சத்தைப் பங்கிட்டு ஊற்றினான். அதுவும் நொறுங்கியது. புத்தகத்தைப் புரட்டியதில் காரணம் தெரிந்தது. விரல் வேர்வையிலேயே ஆர்.என்.ஏ.யை வெட்டும் என்சைம் ஒன்று இருக்கிறதாம்.

ரப்பர் கையுறை ஆபரேஷன் தியேட்டருக்கே போதவில்லை. ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிநேகிதன் ஷபீ அஹமதுக்குச் சொல்லி அனுப்பினான். மறுநாளே ஆட்டுத்தோல் கையுறையோடு வந்து நின்றான் ஷபீ.

கையுறை மாட்டிக்கொண்டு தொட்டதுதான் தாமதம், எஞ்சியிருந்த குழாய்களில் ஒன்றில்கூட வெண்மை வரவில்லை.

"இன்னா தோல்டா இது?"

"அவசரம்னியே தோஸ்த், சரியா அலசாமயே எடுத்தாந்தேன். மாட்டுக் கணையத் தூள்ல ஊறின தோலு. அதான் இந்த மெதுமெதுப்பு."

வெட்டும் என்சைம் குவிந்து கிடப்பதே மாட்டுக் கணையத்தில்தான் என்று பரந்தாமன் படித்திருந்தான். வேலை போயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தது. நேரே டாக்டரிடம் போனான். அங்கே ஸ்டோர்கீப்பர் சுந்தர்ராஜ் ஏதோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் துண்டு துண்டாயிட்டுது டாக்டர். ஒண்ணுகூட முழுசா இல்ல. இந்தக் கையுறையாலதான்" என்றான்.

ஜெபராணி கையுறையை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, நகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சுந்தர்ராஜ்தான் வாயைத் திறந்தார். "குறியை எண்ணணும்னா அந்த ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டா வெட்டணும், வெட்டற என்சைம் சீமைலேர்ந்து வரலைன்னுதானே டாக்டரம்மா, மாசக்கணக்கா என்னைப் பேஜார் பண்றீங்க?"